கை நழுவிய கோல்

மூன்று ஒலிம்பிக் கண்டும் அங்குப் பதக்கம் காணாத ஓர் அம்மையாரை நாம் இங்கு நினைவுகூர்கின்றோம். ஜெர்மானிய ஓட்ட வீராங்கனை மேரி டோலிங்கர் (1910–1994) முதலில், 1928-இல் ஆம்ஸ்டர்டாமில், 800 மீட்டர் ஓடினார். பின்னர் 100 மீட்டரில் 1932-இலும் 1936-இலும் நான்காம் இடமே வாய்த்தது.

எஞ்சியது தொடரோட்டம். பெர்லினில் 1936 ஆகஸ்டு 8-ஆம் நாள் தகுதிச் சுற்றில் ஜெர்மானிய மகளிர் நால்வர் 400 மீட்டரை 46.4 விநாடியில் கடந்து உலக சாதனை நாட்டினர். மறுநாள் இறுதிப் போட்டி. மூன்றாமவராக ஓடிய மேரி, அனைவரையும் வெகுவாக முந்தி வந்து, இல்சே டோர்ஃபெல்டிடம் கோலை நீட்டினார். கோல் தரையில் வீழ்ந்தது! அமெரிக்கா வென்றது. பிழை எவருடையது என வழக்காட நாம் விரும்பவில்லை. இரு கரங்களுக்கு நடுவே நேர்ந்தது அது.

அவர் கணவர் ஃபிரீட்ரிஷ் ஹெண்ட்ரிக்ஸ், 1932-இல் ஆடவர் தொடரோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். மகள் புருன்ஹில்டேயோ, தாய் இழந்த அதே மகளிர் தொடரோட்டத்தில், 1960-இல் ரோமாபுரியில் வெள்ளிப் பதக்கம் அணிந்தார்.