அழைப்பைக் கேட்ட அம்மையார்

இறைவன் தம்மிடம் அன்பு காட்டுகிறான் என்று நம்புவோர் உலகில் பல கோடிப் பேர். அவ்வன்புக்கு ஈடாக நாம் என்ன செய்தோம் என்று தம்மையே கேட்டுக் கொள்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வேலூர் கிறித்தவ மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து மருத்துவத் திருப்பணி ஆற்றியவர்கள். சிறுமியாய் இருந்தபோது பஞ்சத்தில் வாடிய குழந்தைகளுக்கு அவர் ரொட்டி ஊட்டியதுண்டு. அந்தக் கொடுங்காட்சி அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை. இங்கிருந்து விலகவே தூண்டியது. அமெரிக்காவில் கல்வி கற்று, அங்கேயே இனிது வாழ வேண்டும் என்பதே அவரது ஆசை.

1890-ஆம் ஆண்டு தாயார் நோயுற்றதால் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே வந்தார். ஓர் இரவு, பிரசவ வேதனையால் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காக்க வருமாறு அந்தண இளைஞர் ஒருவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார்தாம் மருத்துவர் என்றார் ஐடா. ஆடவர் வந்து பார்ப்பது தங்கள் வழக்கமன்று என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். அதே இரவில் இசுலாமியர் ஒருவரும், மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அவ்வாறே திரும்பினர். பொழுது விடிந்தபோது சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்!

அவ்விரவு முழுவதும் ஐடா உறங்கவில்லை; மன்றாடினார். தாம் எதைவிட்டு ஓட நினைத்தாரோ அதற்கே இறைவன் தம்மை அழைக்கிறான் என்று உணர்ந்தார். மருத்துவம் கற்றுத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் உறுதி கூறினார்.

ஓரிரவில் முடிவெடுப்பது எளிது. அதை நாள்தோறும் வாழ்ந்து காட்டுவதன்றோ அரிது! 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். சில மாதங்களிலேயே துணைநின்ற தந்தையார் மறைந்தார். அம்மையார் கலங்கி நின்றுவிடவில்லை. ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. வர இயலாத ஏழைகளைத் தேடிக் குடியாத்தம் சாலையில் சென்று, மரநிழலில் மருந்தளித்தார். அறுவை செய்யுமுன் இறைவனை வேண்டிக் கொள்வார். நோயாளியின் சாதியோ சமயமோ அவர் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

தாம் ஒருவர் போதாது என்பதையும் அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் கற்பரோ என்று பலர் ஐயுற்ற காலம் அது. 1922-இல் தேர்வெழுதிய முதல் அணியினர் 14 பேரும் தேறி அவ்வையத்தைப் போக்கினர். 1947 முதல் ஆடவரும் அங்கே பயிலத் தொடங்கினர்.

1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொடைக்கானலில், தமது 89-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் இட்ட வித்து இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு நிழல் தரும் ஆலமரமாய் நிற்கிறது.

மாணவ நண்பர்களே! அந்த மூன்று பெண்களையும் அம்மையாரால் காக்க இயலவில்லை. ஆயினும் அவர்களை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. வழிபாட்டில் பெற்ற அன்பை வாழ்க்கையில் திருப்பித் தருவதே உண்மைச் சமயம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நம் வாயிலிலும் யாரோ ஒருவர் உதவி நாடி நிற்கின்றார். நாம் கதவைத் திறப்போமா?