மோஸூல் நகரத்து ராஸாம்

லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் மியூஸியத்தில், கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து சென்னை வழியாகப் போய்ச் சேர்ந்த அமராவதிச் சிற்பங்கள் இருப்பதை நம் வாசகர்கள் அறிவர். அதே கட்டிடத்தில் அஸ்ஸீரிய தேசத்துச் சிங்க வேட்டைச் சிற்பங்களும் இருக்கின்றன. அம்பு தைத்து முதுகெலும்பு முறிந்த பெண் சிங்கமொன்று, உயிரற்ற பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு முன்னங்கால்களால் எழ முயலும் காட்சியைக் கண்டு மனமிளகாதவர் இலர். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன் நினெவே நகரில் அரசு புரிந்த அஸுர்பானிபாலின் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்தவை இவை. மண்ணுக்குள்ளிருந்து இவற்றை எடுத்தவர் யார் என்று கேட்டால், லேயார்டு என்றும் ரௌலின்ஸன் என்றும் இரண்டு ஆங்கிலப் பெயர்களே நெடுங்காலம் விடையாக வந்தன. உண்மையில் எடுத்தவர் அவ்விருவருமல்லர்; அந்த நினெவேயின் எதிர்க்கரையிலேயே பிறந்த ஹோர்முஸ்த் ராஸாம்.

ராஸாம் 1826-ம் வருஷத்தில், அந்நாளில் துருக்கி சுல்தானுக்கு உட்பட்டிருந்த மோஸூல் நகரில், புராதனமான கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். தமையனார் அவ்வூரில் ஆங்கிலேயரின் உப கான்ஸலாக இருந்தவர். அந்தத் தொடர்பினால் லேயார்டு துரை நிம்ரூத் மேட்டைத் தோண்டியபோது, இருபது வயது ராஸாம் கூலிக்காரர்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் வேலையில் அமர்ந்தார். அராபியக் குடியானவர்களின் மனப்போக்கை அறிந்து வேலை வாங்கும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. லேயார்டு அவரை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். சுமார் ஒன்றரை வருஷம் அங்கே கற்றுத் திரும்பியவர், நடையுடை பாவனைகளிலும் மனத்திலும் முற்றும் ஆங்கிலேயராகவே மாறிவிட்டார். அப்படிப்பட்டவர்களை நம் நாட்டிலும் நாம் கண்டதுண்டு. ஆகையால் அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

லேயார்டு இராஜ்ய விவகாரங்களில் இறங்கிவிடவே, தோண்டும் பொறுப்பு 1852-ல் ராஸாமிடம் வந்தது. மேற்பார்வை ரௌலின்ஸன் துரைக்கு. நினெவேயின் பெரிய மேட்டில் வடபாகத்தைப் பிரஞ்சுக்காரர் தோண்டலாமென்று ரௌலின்ஸன் வாக்களித்திருந்தார். ஊரார் நிலத்தை ஓர் அந்நியர் மற்றோர் அந்நியருக்குப் பங்கிட்டுக் கொடுக்க என்ன பாத்தியதை உண்டென்று வக்கீலாகிய நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. ராஸாமுக்கும் அப்படியே தோன்றிற்று. பகலில் தோண்டினால் தகராறு வரும். தோண்டாவிட்டால் வாய்ப்பு கைநழுவும். 1853-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில், நம்பிக்கையான சில ஆட்களுடன் நிலா வெளிச்சத்தில் இரகசியமாகத் தோண்டத் துவங்கினார். சில இரவுகள் சென்றபின் மண் சரிந்து விழுந்தது. சிற்பம் செதுக்கிய சுவரொன்று கண்ணுக்குத் தென்பட்டது. அரண்மனையைக் கண்டவனுக்கே அரண்மனை என்பது அந்நாளைய வழக்கம். பிரஞ்சு அதிகாரி பிளாஸ் என்பவர் வந்து பார்த்து, மனம் கசக்காமல் வாழ்த்தினாராம்.

அந்த நீண்ட மண்டபத்தின் சுவர்களில்தான் சிங்க வேட்டை இருந்தது. தரையிலோ ஆணி முனை போன்ற எழுத்துக்கள் பதித்த களிமண் ஏடுகள் குவிந்து கிடந்தன. லேயார்டு வேறோர் அரண்மனையில் முன்பே கண்டெடுத்தவற்றோடு இவற்றையும் சேர்த்தால், துண்டுகள் உட்பட 30,000-க்கு மேற்படும். அஸுர்பானிபாலின் புஸ்தகசாலை என்று உலகம் அறிந்தது இதையே. பெருவெள்ளக் கதை அடங்கிய கில்காமெஷ் காவிய ஏட்டை அத்திரளிலிருந்து ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1872-ல் படித்துச் சொன்னபோது இங்கிலாந்து முழுதும் பரபரப்படைந்தது.

பின்னர் ராஸாம், பம்பாய் ஸர்க்காரின் ஆதிக்கத்திலிருந்த ஏடனில் உத்தியோகம் பார்த்தார். 1864-ல் அபிஸீனியச் சக்கரவர்த்தி தியோடரிடம் கைதிகளை விடுவிக்கத் தூது போய்த் தாமே கைதியானார். மக்தலா மலைக்கோட்டையில் விலங்கு பூண்டு கிடந்தார். 1868-ல் நேப்பியர் தளபதி படையுடன் சென்று அவரை மீட்டார். அப்படையில் பெரும்பாலோர் நம் இந்தியச் சிப்பாய்களே.

1877-ல் லேயார்டு கான்ஸ்டான்டிநோபிளில் ஸ்தானாபதியானார். அவர் பெற்றுத் தந்த அநுமதியுடன் ராஸாம் மறுபடியும் தோண்டப் புறப்பட்டார். பலவாத் என்னுமிடத்தில் அரசன் ஷால்மனேஸரின் வெண்கலக் கதவுப் பட்டைகள், பாபிலோனில் பாரஸீகச் சக்கரவர்த்தி ஸைரஸின் களிமண் உருளைச் சாஸனம், ஸிப்பார் நகரில் சூரிய தேவன் கோயிலும் பல ஆயிரக்கணக்கான ஏடுகளும், எல்லாம் ஐந்தாறு வருஷங்களுக்குள் கிடைத்தன. அவர் முறையில் குறையில்லாமலில்லை. ஒரே காலத்தில் பல மேடுகளைத் திறந்துவிட்டு, மேஸ்திரிகளை நம்பி, தாம் வெகு தூரத்தில் இருந்தார். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்ததென்ற குறிப்பும் போதாது. பிற்கால ஆராய்ச்சியாளர் இதற்காக அவரைக் கடிந்துகொள்வது நியாயமே.

ஆனால் அவர்மீது வந்த பழி இதுவன்று. மியூஸியத்து உத்தியோகஸ்தர் பட்ஜ் என்பவர், பாக்தாத் கடைகளில் ஏடுகள் விலைக்கு வருவதைக் கண்டார். ராஸாமின் உறவினரே நல்லவற்றைத் திருடி விற்றனர், மியூஸியத்துக்கு வந்தது குப்பை, ராஸாமும் இதற்கு உடந்தை என்று பேசினார். அறுபத்தேழு வயதில் ராஸாம் நீதிஸ்தலத்தில் ஏறி மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். முதியவரான லேயார்டு அவர் பக்கம் நின்றார். ராஸாமைப்போல நேர்மையானவரைக் காண்பது அரிதென்பதும், அவர் ஊழியம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளப்படவில்லையென்பதும் லேயார்டின் அபிப்பிராயம். 1893-ல் தீர்ப்பு ராஸாமுக்கே சாதகமாயிற்று. கேட்ட நஷ்டஈடு 1,000 பவுன். கிடைத்தது 50 பவுன். நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பழி பொய்யென்றும் சொல்லியாயிற்று. வாதியின் மானத்துக்கு விலை இவ்வளவே என்றும் சொல்லியாயிற்று. பட்ஜ் மறு வருஷமே தம் இலாகாவின் தலைவரானார். 1920-ல் ஸர் பட்டமும் பெற்றார். ராஸாமுக்குப் பட்டம் எதுவும் வரவில்லை. அவருடைய சரித்திர நூலும் 1897-ல் அமெரிக்காவில்தான் அச்சாயிற்று.

தம் நாட்டுச் செல்வத்தை அந்நியரிடம் சேர்ப்பித்தவர்மீது நமக்கு ஏன் இத்தனை பரிவு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, அவர் செய்த அந்த வேலையை நாம் கொண்டாடவில்லை. 2010-ல் ஸைரஸின் சாஸனம் டெஹ்ரான் நகருக்குச் சென்றபோதும் இரவலாகவே சென்று மீண்டது. 2015-ல் நிம்ரூத் அரண்மனை வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பின்பு, லண்டனுக்கு வந்தவையாவது பிழைத்தனவே என்று ஆங்கிலேயர் பெருமை பேசுகின்றனர். பேசட்டும். பிழைக்க வைத்ததாகப் பெருமை பேசுகிறவர்கள், எடுத்துக் கொடுத்த கையின் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும். அது மோஸூல்காரன் கை.

ராஸாம் 1910-ம் வருஷம் செப்டம்பர் 16-ம் தேதி, இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டனை அடுத்துக் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்து நான்கு.