தங்கவயல் தாங்கிய ‘தமிழன்’: அயோத்திதாசப் பண்டிதர்

ஆபீசுக்குப் புது பிரிண்டர் வாங்குவதென்றால் குமாஸ்தாவிடம்தான் கணக்குக் கேட்பார்கள். மிஷின் என்ன விலை, ஒரு பக்கத்துக்கு என்ன செலவு, மை தீர்ந்தால் எங்கே கிடைக்கும், தமிழ் எழுத்து ஒழுங்காக விழுமா என்ற கேள்விகள் வரிசையாக எழும். நூறாண்டுகளுக்கு முன்பே ஏழைகளின் காசை நம்பி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் துணிந்து பத்திரிகை நடத்திய பெரியவர் ஒருவர் உண்டு. அவரே அயோத்திதாசப் பண்டிதர். நம் கோலார் தங்கவயலுக்கும் அவருக்கும் உள்ள உறவு நெருக்கமானது.

1845 மே 20-ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பிற்காலத்தில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் தம் பாட்டனார் கந்தப்பனுக்குப் பங்கு உண்டு என்பது பண்டிதர் எழுதிவைத்துள்ள செய்தி. ஏடு அச்சேறினால்தான் நிலைக்கும் என்ற உணர்வு அவருக்குக் குடும்பத்திலேயே வாய்த்திருந்தது எனலாம்.

இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தார். 1885-இல் ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழில் பணியாற்றினார். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி, வேலை, மரியாதை ஆகியவை வேண்டும் என்று அரசாங்கத்திடம் முறையிட்டார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. அது வாரந்தோறும் வந்த நான்கு பக்க இதழ். அந்நாளில் ரூபாய்க்கு 64 பைசா. ஒரு பைசா என்றால் காலணா. ஓராண்டுக்குப் பின் 1908 ஆகஸ்ட் 26 முதல் விலையைக் குறித்த சொற்கள் நீங்கி ‘தமிழன்’ என்ற பெயரே நிலைத்தது.

அக்கால அச்சு வேலை எளிதானதன்று. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத் துண்டு. கம்பாசிட்டர் அவற்றைப் பெட்டியிலிருந்து பொறுக்கித் தலைகீழாகக் கோக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் பிரித்து, அவற்றைப் பழைய அறைகளிலேயே போட வேண்டும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு எழுத்துகள் அதிகம். ஆகவே அறைகளும் அதிகம், கூலியும் அதிகம். காகிதம், மை, தபால் செலவு வேறு. காலணா இதழ் நிற்க வேண்டுமானால் சந்தா தவறாமல் வந்தாக வேண்டும்.

அந்தச் சந்தா வந்த முக்கியமான இடங்களில் ஒன்று தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வடாற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து ஏழைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். ஊரில் அவர்களுக்குக் கிடைக்காத மரியாதையைத் ‘தமிழன்’ எழுத்தில் கொடுத்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை எழுந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார். இரங்கூனிலும் நேட்டாலிலும் பிழைக்கப் போன தமிழர்களும் அதே இதழைப் படித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிந்துகொள்ளும்படி பண்டிதர் வற்புறுத்தினார். மருத்துவம், சரித்திரம், சமயம், விவசாயம் எல்லாம் இதழில் இடம்பெற்றன. ‘இந்திரர் தேச சரித்திரம்’ அவர் எழுதிய நூல்களுள் ஒன்று.

1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் காலமானார். சிறிது காலம் அவர் மகன் பட்டாபிராமன் இதழை நடத்தினார். பிறகு அது நின்றது. 1926-இல் அதை மீண்டும் எழுப்பியவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். சென்னையில் பிறந்த பத்திரிகை இப்போது சாம்பியன் ரீப்பிலிருந்து வெளிவந்தது. பண்டிதரின் நூல்களும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலையின் வழியே மறுபதிப்புக் கண்டன. அந்நாள் வரை பத்திரிகைக்குக் காசு கொடுத்து வந்த ஊர், இப்போது பத்திரிகை நடத்தும் ஊராயிற்று.

பின்பு பல பத்தாண்டுகள் பண்டிதரின் பெயர் மங்கிக் கிடந்தது. அவரைப் பின்பற்றிய குடும்பங்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்து வைத்திருந்ததால்தான், 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட முடிந்தது. 2005-இல் அவருக்கு அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் பல குடும்பங்கள் தங்கவயலை விட்டு வெளியேறின. வீடு காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது பழைய காகிதம். அன்பர்கள் வீட்டுப் பரணில் அக்காலத்துப் பத்திரிகையோ, சங்க ரசீதோ, கூட்ட நோட்டீசோ இருந்தால் எடைக்குப் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்ப்புள்ளவர்கள் அதற்கு ஒரு பிரதி எடுத்து நூலகத்தில் சேர்க்கலாம். இன்றைய ஆபீஸ் மிஷினுக்கு அது சில நிமிட வேலைதான்.