காட்டை நேசித்த ஜிம் கார்பெட்

இந்த முறை நான் எழுதப் போவது ஒரு புலி வேட்டைக்காரரைப் பற்றி. வேட்டைக்காரரைப் பற்றி எதுக்கு எழுதணும்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க.

ஜிம் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இமயமலைப் பகுதியில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அவருடைய அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்து விட்டார். குளிர் காலத்தில் குடும்பம் மலையிலிருந்து காலாதுங்கி என்ற ஊருக்கு இறங்கி வரும். ஊரைச் சுற்றிக் காடு. மிருகங்களின் சத்தம், காலடித் தடம் எல்லாம் அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

குடும்பக் கஷ்டத்தால் இளம் வயதிலேயே ரயில்வே வேலைக்குப் போனார். அப்போது ரயில் இஞ்சின் ஓட விறகு தேவைப்பட்டது. காட்டு மரங்களை வெட்ட வைத்து விறகு சேர்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. பிறகு பீகாரில் மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையைப் பல வருடம் கவனித்தார்.

1907-இல் சம்பாவத் என்ற ஊரில் ஒரு பெண் புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்ற புலி. செத்த பிறகு பார்த்தால் அதன் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டினால் வந்த வினை! வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைப் பிடித்தது. 1926-இல் ருத்ரபிரயாகில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையையும் அவர்தான் சுட்டார்.

பிறகு அவர் மனசு மாறியது. துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவை எடுத்துக்கொண்டு புலிகளைப் படம் பிடித்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் அமைய அவரும் பாடுபட்டார். 1947-இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனவர், 1955 ஏப்ரல் 19-இல் அங்கேயே காலமானார். பிறகு அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

கதை இதோடு முடியலை. கார்பெட் பூங்காவுக்கு மேற்கே ராஜாஜி பூங்கா இருக்கிறது. நம்ம தமிழ்நாட்டு ராஜாஜி பெயர்தான்! அதன் நடுவே கங்கை ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே நிறையப் புலிகள். மேற்கே பல வருடமாக இரண்டே பெண் புலிகள்தான் இருந்தன. அப்போது ஆண் புலி இருக்கவில்லை, அதனால் குட்டியும் பிறக்கவில்லை. ஆற்றைப் புலி நீந்திவிடும். ஆனால் குறுக்கே ஹரித்துவார் - டேராடூன் ரயில் பாதை, நெடுஞ்சாலை, கட்டிடங்கள் எல்லாம் வந்துவிட்டன. காடு அப்படியே இருந்தும் வழி அடைபட்டுப் போச்சு. கடைசியில் 2020 டிசம்பரில் கார்பெட் பூங்காவிலிருந்து ஒரு பெண் புலியை மயக்க ஊசி போட்டு வண்டியில் கொண்டு வந்து விட்டார்கள். அடுத்த மாதம் ஓர் ஆண் புலி வந்தது. நடந்தே வர வேண்டிய புலி வண்டியில் வர வேண்டியதாயிற்று.

இப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர வேண்டி வரும். குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். ஒரு நோய் வந்தாலே கூட்டம் முழுவதும் அழிந்துவிடலாம்.

ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோடு இல்லாவிட்டால் பிரசவ வலி வந்தவரை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவது? ஆனால் மிருகங்கள் போகிற இடத்தில் மேம்பாலம் கட்டி, கீழே வழி விடலாமே. ராஜாஜி பூங்காவில் நெடுஞ்சாலையை அப்படித்தான் உயர்த்திக் கட்டினார்கள். அதை முதலிலேயே செய்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

ரயிலுக்காக மரம் வெட்ட வைத்தவரே காட்டைக் காப்பாற்ற வந்தார். நாமும் மாறலாம். சிந்திப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி