பேராதனைத் துவெயிற்ஸும் பகல் அந்துகளும்

விட்டில் என்றதும் விளக்கில் வீழ்ந்து மாயும் சிற்றுயிரே நம் நினைவில் எழுகின்றது. இலக்கியம் பயின்றோர்க்கு அது இரவின் உயிர். ஆயின், நுவரெலியா, அற்றன் முதலிய பகுதிகளின் தேயிலை மலைகளில் வெயில் நேரத்தில் நடந்து செல்பவர் வேறொரு காட்சியைக் காணலாம். கருமையிற் பசுமை கலந்த முன்சிறகும், அதன் குறுக்கே வெளிறிய பட்டையும், மஞ்சள் படர்ந்த பின்சிறகும் உடையதொரு பூச்சி, கொழுந்துகளின் மேலே ஆறுதலாகப் பறந்து செல்லும். பலரும் அதனை வண்ணத்துப்பூச்சி என்றே கொள்வர். அஃது அந்துப்பூச்சி, எற்றெரூசியா என்பது அறிவியலார் இட்ட பெயர். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியிற் சிறு குமிழாக முடியும். இதன் ஆணுக்கோ அது சீப்பின் பற்கள்போலக் கிளைத்திருக்கும். உடலில் நஞ்சு உண்டாதலின் பறவைக்கு அஞ்சி ஒளிய வேண்டிய தேவை இதற்கு இல்லை. இதன் புழு செங்கல் நிறத்தது. தேயிலையைத் தின்று வளர்வது.

இத்தகைய உயிர்களை இன்று நாம் பெயர் சொல்லி அடையாளங் காண்கின்றோம் எனின், அதற்கு வழிசெய்தவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவெயிற்ஸ் ஆவர்.

1812ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்த இவர் கணக்கராகத் தொழில் தொடங்கினார். பகலிற் கணக்கேடு, ஓய்வு நேரத்தில் பூச்சிகளும், நுணுக்குக்காட்டியிற் புலப்படும் நுண்ணிய தாவரங்களும். டயற்றம் என்னும் நுண்ணுயிர்கள் இரண்டிரண்டாகக் கூடி இனம் பெருக்குவதைக் கண்டு, அவை பாசியினத்தைச் சார்ந்தவை என்று காட்டினார். கணக்கு வழக்கிற் பழகிய கண்ணுக்குச் சிறு பிழையும் பெரிதாகத் தோன்றும் போலும்! 1849இல், பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த கார்ட்னர் நுவரெலியாவில் திடீரென இறந்தார். அவ்விடத்துக்குத் துவெயிற்ஸ் அழைக்கப்பட்டார். அதன்பின் அவர் வாழ்வு முழுதும் இலங்கையிலேயே கழிந்தது. மணம் புரிந்திலர்.

1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைத் தாவர அட்டவணை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1865இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நுவரெலியாவை அடுத்த அக்கலையில் 1861இல் சிங்கோனாத் தோட்டம் நிறுவப்பட்டதும் அவர் காலத்திலேயே; காய்ச்சலுக்குக் குயினைன் தரும் மரம் அது.

1869ஐ மலைநாட்டார் மறத்தலாகாது. கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர்ந்தது. துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் பூஞ்சையியல் அறிஞர் அந்நோய்ப் பூஞ்சைக்குப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து காடழித்துக் கோப்பி நட்ட நம்மவரின் பிழைப்பு அப்பொடியோடு ஆட்டங் கண்டது. இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது வீண்வேலையன்று என்பதற்கு இதனிற் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே கண்ணோடு அவர் அந்துகளையும் நோக்கினார். இளமையில் விட்டுவந்த பூச்சியாராய்ச்சி முதுமையில் மீண்டும் அவரைப் பற்றிக்கொண்டது. இறந்த பூச்சியை ஊசியிற் குத்திப் பெட்டியில் வைத்தல் எளிது. அவ்வகையாற் சிறகின் அழகை ஓரளவு காக்கலாம். புழுவோ இறந்ததும் சுருங்கி நிறம் இழந்துவிடும். எந்தப் புழு எந்த அந்தாக மாறும் என்பதை அறிய, அதனை அது தின்னும் இலையோடு கொணர்ந்து, கூண்டில் இட்டு, நாடோறும் புத்திலை கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே அதனை வரைந்தும் ஆகவேண்டும். கோப்பியிலையிலும் புழுவாய் வளரும் கண்ணாடிச் சிறகுடைய அந்து ஒன்று உண்டு. கூட்டினின்று வெளிவரும்போது அதன் சிறகிற் செதில்கள் இருக்கும். முதற் பறப்பிலேயே அவை உதிர்ந்துபோகும். பின்னர் மலரிடத்தே பகலில் அதனைக் காண்பவர் பெரிய வண்டு என்றே சொல்வர். வளர்த்துப் பார்த்தவருக்கே உண்மை தெரியும்.

இப்பணிக்குத் துவெயிற்ஸுக்கு வாய்த்த கைகள் ஒரு சிங்களக் குடும்பத்தின் கைகள். ஹர்மானிஸ் டி அல்விஸ் 1823 முதல் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேராதனையில் தாவர ஓவியராக இருந்தவர். அவர் மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும், அவற்றின் புழு, கூட்டுப்புழு ஆகியவற்றோடும் உணவுச் செடியோடும் வண்ணத்தில் வரைந்தனர். அவ்வோவியங்களும் பூச்சித் தொகுப்பும் இலண்டனுக்குச் சென்றன. ஆங்கே பிரெடரிக் மூர் என்னும் அறிஞர் இனம் பிரித்துப் பெயரிட்டு, இலங்கை அரசின் ஆதரவோடு மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். வண்ணப் படத்தாள்கள் மட்டும் 215.

நூலின் முகப்பில் நிற்பது மூரின் பெயர். புதிதாகப் பெயர் பெற்ற அந்துகளின் பின்னேயும் அவர் பெயரே வரும். அறிவியல் மரபு அது, குறை கூறுவதற்கில்லை. எனினும், புழுவுக்கு இலை தேடிய கைகளையும், வாடுமுன் நிறந்தீட்டிய கைகளையும் முகப்பு சொல்லாது. தாவரங்களுள் ஒரு மலைக்கொடிக்குக் கென்றிக்கியா என்று துவெயிற்ஸின் நடுப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. அல்விஸ் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்பது மரக்கட்டையில் வளரும் ஒரு சளிப்பூஞ்சை. 

1880இல் பணி ஓய்வு பெற்ற துவெயிற்ஸ், கண்டி நகரின் மேற்புறத்து மலையில் ஒரு சிறு பங்களாவை வாங்கிக் குடியிருந்தார். அவ்வாண்டிலேயே வெளிவரத் தொடங்கிய முதற்றொகுதி வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியது. பகலிற் பறக்கும் வண்ண அந்துகள் இடம்பெற்ற இரண்டாந் தொகுதி 1882இல் வெளிவரத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் அவர் அம்மனையிலே காலமானார். இறுதித் தொகுதி 1887இல் முற்றுப்பெற்றபோது மலைச்சரிவுகளிற் கோப்பி அருகி, அவ்விடமெல்லாம் தேயிலை தளிர்த்துக்கொண்டிருந்தது.