ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்ன அம்மையார்

ஆஸ்திரிய நாட்டின் இரண்டு யூரோ நாணயத்தில் ஓர் அம்மையாரின் முகம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் மன்னனை மணந்தவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். போர் கூடாது என்று கால் நூற்றாண்டுக் காலம் எழுதியும் பேசியும் வந்து, அதற்காகவே நகைப்புக்கு ஆளாகி, முதல் உலகப் போர் மூள்வதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்க் கண்மூடியவர். 1905ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற பெர்த்தா வான் சுட்னர் அம்மையாரே அவர். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. அவருடைய வாழ்வை அறிய விரும்புவோர், அவர் காலத்து ஐரோப்பிய வல்லரசுகளின் நட்பையும் பகையையும் உடன்வைத்தே அறிதல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் இரண்டுமே விளங்கா.

1843ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், பிராகு நகரில், கின்ஸ்கி என்னும் பழம்பெருங் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் ஆஸ்திரியப் படையில் உயர்தளபதி. மகள் பிறக்குமுன்பே, எழுபத்தைந்தாம் அகவையில் காலமாகிவிட்டார். தாயார் அவரினும் மிக இளையவர், உயர்குடியிற் பிறவாதவர். ஆகவே குடிப்பெயர் இருந்தும் அரண்மனைச் சுற்றத்தார் தாயையும் மகளையும் தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லை. தாயார் சூதாட்ட மனைகளில் பொருளை இழந்தார். மகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் இத்தாலியமும் இசையும் கற்றார். போர் என்பது அக்குடும்பத்தில் பதக்கமும் பதவியும் தரும் தொழிலாகவே பேசப்பட்டது.

1859இல் ஆஸ்திரியா பிரெஞ்சு நாட்டோடும் வட இத்தாலிய அரசோடும் பொருது தோற்றபோது அவருக்கு வயது பதினாறு. 1866இல் பிரஷ்யாவிடம் தோற்றபோது இருபத்துமூன்று. இவ்விரு போர்களும் தம் உள்ளத்தைச் சிறிதும் தொடவில்லை என்று பிற்காலத்தில் தம் நினைவுக்குறிப்புகளில் அவர் வெளிப்படையாக எழுதிவைத்தார். நடன விருந்துகளிலும் பாடற் பயிற்சியிலுமே அந்நாளில் அவர் மனம் இருந்தது. பொதுமக்கள் கருத்து என்பது எப்படி இருக்கும் என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தாமே அப்படி இருந்து அறிந்தார். பிற்கால எழுத்தின் வலிமைக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அவர் கவனியாது விட்ட அப்போர்களே ஐரோப்பாவின் கூட்டணிகளை உருமாற்றின. 1849இல் ஹங்கேரியில் கிளர்ச்சி எழுந்தபோது ரஷ்யப் பேரரசர் தம் படையை அனுப்பி ஆஸ்திரியாவைக் காத்தார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கிரிமியப் போரில் ரஷ்யா இடர்ப்பட்டபோது ஆஸ்திரியா துணைநிற்கவில்லை. எதிரணியோடு சேர்ந்து நெருக்கியது. ரஷ்யா அதனை மறக்கவில்லை. 1859இல் ஆஸ்திரியா தனித்து நின்றமைக்கு வேர் அங்கே இருக்கிறது. 1866இல் நிகழ்ந்த போர் ஏழே வாரங்களில் முடிந்தது. கோனிக்கிராட்ஸ் களத்தில் தோற்ற ஆஸ்திரியா ஜெர்மானிய நாடுகளின் தலைமையை இழந்தது. ஆயினும் பிஸ்மார்க் வெற்றிப் படையை வியன்னாவுக்குள் செலுத்த விடவில்லை. பிரஷ்யாவுக்கென ஆஸ்திரிய நிலத்தில் ஓர் அடியும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பயனாகப் பதின்மூன்றே ஆண்டுகளில், 1879இல், தோற்றவரும் வென்றவரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1871இலோ பிரெஞ்சு நாட்டிடமிருந்து அல்சேசு, லொரேன் நிலப்பகுதிகள் பறிக்கப்பட்டன. ஐந்நூறு கோடி பிராங்கு தண்டமும் வாங்கப்பட்டது. அப்புண் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆறவில்லை. ஒரே அமைச்சர், ஐந்தாண்டு இடைவெளி, இருவேறு முடிவுகள். வரலாற்று மாணவர்க்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

நம் அம்மையார் கதைக்கு வருவோம். செல்வம் கரைந்தபின், 1873இல், முப்பது வயதில், வியன்னாவில் சுட்னர் பிரபு இல்லத்தில் நான்கு பெண்மக்களுக்கு ஆசிரியையாக அமர்ந்தார். அவ்வீட்டு இளைய மகன் ஆர்தர், அவரினும் ஏழாண்டு இளையவர். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர், வீட்டார் உடன்படவில்லை. பெர்த்தா வேலையை விட்டுப் பாரிசு சென்று, டைனமைட்டைக் கண்டறிந்த ஆல்பிரெட் நோபலிடம் செயலாளராகச் சேர்ந்தார். அங்கே இருந்தது சில நாள்களே. பிரிவாற்றாமல், தம்மிடமிருந்த வைரச் சிலுவை ஒன்றை விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் திரட்டி வியன்னா திரும்பினார். 1876 ஜூன் மாதம் இருவரும் மறைவாக மணந்துகொண்டு காக்கசு மலைநாட்டிலுள்ள ஜார்ஜியாவுக்குச் சென்றனர். நோபலுடனான நட்பு மட்டும் கடிதங்களில் நீடித்தது.

ஜார்ஜியாவில் மொழியும் இசையும் கற்பித்து வறுமையோடு வாழ்ந்தனர். அடுத்த ஆண்டே ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. மாணவர் வருகை நின்றது. ஆர்தர் வியன்னாச் செய்தித்தாள்களுக்குப் போர்ச்செய்திகள் எழுதத் தொடங்கினார். பிழைப்புக்கு அது வழியாயிற்று. அப்போதும் பெர்த்தா போரை எதிர்ப்பவராக மாறிவிடவில்லை. ஆனால் இம்முறை புண்பட்டோரும் நோயும் பஞ்சமும் தொலைவில் இல்லை. அப்போரில் ரஷ்யா வென்றது. வென்றதன் பயனைப் பிற வல்லரசுகள் 1878இல் பெர்லின் மாநாட்டில் குறைத்துவிட்டன. இலண்டன் இசையரங்குகளில் ரஷ்யாவுக்கு எதிரான போர்வெறிப் பாட்டு ஒன்று பரவியதும், அப்பாட்டிலிருந்தே போர்வெறியைக் குறிக்கும் ஜிங்கோயிசம் என்னும் சொல் பிறந்ததும் அவ்வாண்டில்தான்.

1885இல் குடும்பத்தார் மனமிரங்க, இணையர் ஆஸ்திரியா திரும்பி ஹார்மன்ஸ்டார்ப் மாளிகையில் குடியேறினர். அதன்பின் ஒரு குளிர்காலத்தில் பாரிசு சென்றபோது இலக்கியக் கூடங்களில் எங்கும் ஜெர்மனியைப் பழிவாங்கும் பேச்சே கேட்டது. இலண்டனில் நாடுகளுக்கிடையே நடுவர் மன்றம் வேண்டிப் பாடுபடும் சங்கம் ஒன்று உள்ளதென அங்கேதான் அறிந்தார். அப்படி ஒரு முயற்சி உலகில் இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அச்சங்கத்துக்குத் தம்மால் என்ன செய்ய முடியும் என்று எண்ணியதன் விளைவே, 1889இல் வெளிவந்த ‘ஆயுதங்களைக் கீழே வையுங்கள்’ என்னும் நெடுங்கதை.

அதற்காக அவர் போர் வரலாறுகளையும் அரசாங்க ஆவணங்களையும் படித்தார்; படை மருத்துவர்களையும் களம் கண்டவர்களையும் கேட்டறிந்தார். கதைத் தலைவி மார்த்தா, தளபதி ஒருவரின் மகள். முதற் கணவனை 1859 போரில் இழக்கிறாள். இரண்டாம் கணவனைத் தேடி 1866இல் புண்பட்டோர் கிடக்கும் பொகீமியாவில் அலைகிறாள். போருக்குப் பின் பரவிய வாந்திபேதி அவள் உடன்பிறந்தோரைக் கொண்டுபோகிறது. உயிர்தப்பிய கணவன், 1870இல் தொடங்கிய போரின்போது, பாரிசில் ஒற்றன் எனப் பிடிபட்டுச் சுடப்படுகிறான். இடையிடையே இருதரப்பு அரசுகளின் போர் அறிவிப்புகளையும் செய்தித்தாள்களின் முழக்கங்களையும் அம்மையார் எடுத்து வைத்துக்காட்டுகிறார். இரு தரப்பும் தற்காப்பு என்றே சொல்கின்றன. இரு தரப்பும் தெய்வம் தம் பக்கம் என்றே சொல்கின்றன. இல்லறத்தார்க்கு விரோதி இம்சை விலக்கப்படவில்லை எனப் படித்துள்ள நம்மவர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் தகும். தற்காப்பு எங்கே முடிகிறது என்னும் வினா அந்நூலில் இறுதிவரை ஓய்வதில்லை.

இதழ்கள் அக்கதையை ஏற்க மறுத்தன. வெளியிட முன்வந்தவரும் தலைப்பையேனும் மாற்றச் சொன்னார், அம்மையார் இணங்கவில்லை. அச்சானபின் அது பரவிய விரைவு வியப்புக்குரியது. 1905க்குள் ஜெர்மன் மொழியில் மட்டும் 37 பதிப்புகள் வந்தன. பன்னிரண்டு மொழிகளுக்குச் சென்றது. டால்ஸ்டாய் அவருக்குக் கடிதம் எழுதி, அடிமை முறையை ஒழிக்க அமெரிக்காவில் ஸ்டோவ் அம்மையாரின் கதை துணைசெய்தது போலப் போரொழிப்புக்கு இது துணையாகட்டும் என்னும் கருத்தைத் தெரிவித்தார். 1891இல் பெர்த்தா ஆஸ்திரிய அமைதிச் சங்கத்தை நிறுவினார். ஆல்பிரெட் பிரீட் என்னும் இளைஞரோடு சேர்ந்து, நூலின் பெயரிலேயே ஓர் இதழும் நடத்தினார். நோபல் பொருளுதவி செய்தார். ஆனால் மாநாடுகளைவிடத் தம் வெடிமருந்தின் அச்சமே போரை நிறுத்தும் என்று வாதிட்டார். இருவரும் இதுபற்றிக் கடிதங்களில் வாதிட்ட வண்ணம் இருந்தனர். 1895இல் நோபல் எழுதிய உயிலில் அமைதிக்கும் ஒரு பரிசு இடம்பெற்றதற்கு அம்மையாரின் தூண்டுதல் பெருங்காரணம்.

அதே ஆண்டுகளில் வல்லரசுகள் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தன. 1882இல் இத்தாலி, இருமுறை தன்னோடு பொருத ஆஸ்திரியாவோடும் ஜெர்மனியோடும் சேர்ந்து முக்கூட்டணி அமைத்தது. அதற்கு எதிராகப் பிரெஞ்சுக் குடியரசும் ரஷ்ய முடியரசும் நெருங்கின. 1891இல் பிரெஞ்சுக் கப்பற்படை கிரான்ஸ்டாட் துறைக்கு வந்தபோது, தம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த பிரெஞ்சுப் புரட்சிப் பாடலை ரஷ்யப் பேரரசரே தலைப்பாகை நீக்கி நின்று கேட்டார். பொது எதிரி இருந்தால் கொள்கை வேறுபாடு தடையாவதில்லை. 1894இல் அக்கூட்டணி உறுதியாயிற்று.

எனவே 1898இல் புதிய பேரரசர் இரண்டாம் நிக்கொலாசு படைக்குறைப்பு மாநாட்டுக்கு அழைப்பு விடுத்தபோது உலகம் நம்பவில்லை. அம்மையார் நம்பினார். 1899 மே மாதம் ஹேக் நகரில் 26 நாடுகள் கூடின. தொடக்க விழாவில் இடம்பெற்ற ஒரே பெண் அவர். விடுதியில் அவர் தங்கிய அறையே தூதர்களும் செய்தியாளர்களும் சந்திக்கும் இடமாயிற்று. படைக்குறைப்பு நடக்கவில்லை. நிலையான நடுவர் மன்றம் ஒன்று அமைந்தது. பலூன்களிலிருந்து வெடிகுண்டு வீசுவதற்கு ஐந்தாண்டுத் தடையும் வந்தது. அவ்வளவே.

மாநாடு கலைந்து மூன்று மாதம் நிறைவதற்குள் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. அமைதி இயக்கத்தின் தாயகமான இங்கிலாந்திலேயே போர் எதிர்ப்பாளர்கள் கூட்டத்தினரால் தாக்கப்பட்டனர். 1901இல் பர்மிங்காம் நகரில் பேசச் சென்ற லாயிட் ஜார்ஜ் காவலர் உடையில் தப்ப நேர்ந்தது. பதினைந்தே ஆண்டுகளில் அவரே பிரிட்டனின் போர்க்காலத் தலைமை அமைச்சர் ஆனார் என்பது வேறு கதை. அப்போரில் ஐரோப்பா முழுவதும் தன்னை வெறுப்பதைக் கண்ட பிரிட்டன் துணை தேடியது. 1902இல் ஜப்பானோடும், 1904இல் பிரான்சோடும் உடன்பாடு கண்டது. ஜப்பானிடம் தோற்று வலிமை குன்றிய ரஷ்யாவோடு 1907இல் கைகுலுக்கியது. இவ்வாறு ஆப்பிரிக்காவிலும் மஞ்சூரியாவிலும் நடந்த போர்கள் ஐரோப்பாவை இரண்டு முகாம்களாகப் பிரித்துவைத்தன.

1902 டிசம்பரில் ஆர்தர் காலமானார். கடனில் மாளிகை ஏலம் போயிற்று. அறுபது வயதில் வியன்னாவில் ஒரு சிறு குடியிருப்பில், எழுத்தையே நம்பி வாழ்ந்தார். 1901இல் முதற்பரிசு தூனானுக்கும் பாசிக்கும் சென்றது, அவருக்கு வருத்தமே. நான்காண்டு கழித்துப் பரிசு வந்தது. 1906 ஏப்ரலில் கிறிஸ்டியானியா நகரில், இன்றைய ஓஸ்லோவில், ஏற்புரை ஆற்றினார்.

இறுதி ஆண்டுகள் கடினமானவை. கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. 1911இல் இத்தாலி லிபியாவின்மேல் படையெடுத்தபோது வரலாற்றில் முதன்முறையாக விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. அடுத்த ஆண்டே வான்வெளியை விலங்கு நிலைக்குத் தாழ்த்துவதைக் கண்டித்து அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வீட்டுக்கூரைகளின்மேல் போர் வரப்போகிறது என்று அவர் எழுதியதை மிகை என்றனர். 1912இல் செர்பியாவும் பல்கேரியாவும் கிரீசும் மாண்டிநீக்ரோவும் கூடித் துருக்கியை வென்றன. பங்கிடுவதில் பிணங்கி மறு ஆண்டே பல்கேரியா தன் கூட்டாளிகளான செர்பியாவையும் கிரீசையும் தாக்கியது. கூட்டாளிகள் பகைவராக ஓராண்டு கூடத் தேவைப்படவில்லை.

1914ஆம் ஆண்டு வியன்னாவில் உலக அமைதி மாநாடு நடத்த அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நோய் முற்றி ஜூன் 21ஆம் நாள் உயிர் நீத்தார். ஏழாம் நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஜூலை 31இல் பாரிசில் போரை எதிர்த்த ஜோரேசு கொல்லப்பட்டார். ஆகஸ்டு 4இல், போருக்கு உடன்படோம் என்று அதுவரை சொல்லிவந்த ஜெர்மானியச் சமூக மக்களாட்சிக் கட்சியினர் போர்ச்செலவுக்கு வாக்களித்தனர். வியன்னாத் தெருக்களில் மக்கள் ஆரவாரித்தனர். அமைதி மாநாடு நடைபெறவில்லை. செப்டம்பர் 22இல் எம்டன் கப்பலின் குண்டுகள் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தன. மறு ஆண்டு இத்தாலி முக்கூட்டணியை விட்டு எதிரணியில் சேர்ந்தது.

பிரீட் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். அம்மையார் ஆண்டுதோறும் எழுதிய அரசியல் குறிப்புகளைத் திரட்டி, ‘உலகப் போரைத் தவிர்ப்பதற்கான போராட்டம்’ என்னும் பெயரில், 1917இல் சூரிக் நகரில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அப்போது போர் நான்காம் ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.