இயான் மர்டாக்: லினக்ஸுக்கு பேக்கிங் சொல்லிக்கொடுத்த மாணவர்

நம்ம லேப்ல உபுண்டு சிஸ்டத்தில் உட்கார்ந்து 'ஏப்டி இன்ஸ்டால்' என்று தட்டியதும் மென்பொருள் தானாக வந்து இறங்குகிறது இல்லையா? அந்த வசதிக்கு அடித்தளம் போட்டவர் அப்போது உங்களைப் போல ஒரு கல்லூரி மாணவர்தான்.

இயான் மர்டாக் 1973 ஏப்ரல் 28 அன்று ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது எஸ்எல்எஸ் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தினார். அதில் பிழைகள் ஏராளம், திருத்தத்தான் ஆள் இல்லை. வெறுத்துப்போய் 1993 ஆகஸ்ட் 16 அன்று சொந்தமாக ஒரு தொகுப்பை அறிவித்தார். அப்போது வயது 20. காதலி டெப்ராவின் பெயரில் கொஞ்சம், தன் பெயர் இயான், சேர்த்தால் டெபியன். (நமக்கு மினி ப்ராஜெக்ட்டுக்குப் பெயர் வைக்கவே ஒரு செமஸ்டர் ஆகுது!)

ஆயிரக்கணக்கான மென்பொருளை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஒரு பேக்கேஜ் என்று பிரித்துவிடலாம் என்பதுதான் மர்டாக்கின் யோசனை. சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெடி ஒரு இடத்தில், லேபிள் ஒரு அச்சகத்தில், அட்டைப்பெட்டி வேறொரு இடத்தில் தயாராகிறது. அளவை முன்பே பேசி வைத்திருந்தால்தான் எல்லாம் ஒரே கிஃப்ட் பாக்ஸில் அடங்கும். டெபியனில் அந்த அளவுகோல்தான் 'டிபிகேஜி'. 1994 ஜனவரியில் மர்டாக் எழுதியபோது அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். பிறகு பெர்லுக்கு மாறியது, அதே வருஷம் இயான் ஜாக்சன் முக்கியப் பகுதியை சி மொழியில் திருப்பி எழுதினார்.

நீங்களே ஒரு மென்பொருளை பேக்கேஜ் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கன்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூணு வரியில் முடிந்தால் அதிர்ஷ்டம். சிலர் தாங்களே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள். அது பாதி லைப்ரரிகளை நடுவில் இணையத்திலிருந்து இழுக்கும், ஃபைல்களை நேராக சிஸ்டத்துக்குள் கொட்டும். இதற்கு டெபியனில் வளர்ந்த வழி, 'ரூல்ஸ்' என்ற ஒரு மேக்ஃபைல். வெளியிலிருந்து 'பில்ட்', 'பைனரி', 'கிளீன்' என்று கூப்பிட்டால் அது பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உள்ளே எந்த ஸ்கிரிப்ட்டை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் ஃபைல்கள் ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள்தான் இறங்க வேண்டும், டவுன்லோடை வெட்ட வேண்டும், அந்த லைப்ரரிகளைத் தனித்தனி பேக்கேஜாக முதலில் கட்ட வேண்டும். பெண்டு நிமிர்வது இங்கேதான்.

1996 மார்ச்சில் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு மர்டாக் விலகினார். தான் தொடங்கியதை 23 வயது முடிவதற்குள் இன்னொருவர் கையில் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பிறகு புரோஜெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2007-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்து சோலாரிஸுக்கும் இதே பேக்கேஜ் வேலையைப் பார்த்தார். கடைசியாகச் சேர்ந்த இடம் டாக்கர். 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தபோது வயது 42.

2017-இல் வந்த டெபியன் 9 அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. லேப் சிஸ்டத்தில் 'ஏப்டி ஷோ' போட்டு ஏதாவது ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டெபியனிலிருந்து வந்ததாக இருந்தால் 'ஒரிஜினல் மெயின்டெய்னர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் இருப்பவர்கள்தான் இன்று அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.